உதிராத நெல்

அரிவு வெட்டுக்குச் சில நாள் முன்னதாக எமது ஆச்சி சிறு பெட்டியொன்றுடன் வயலுள் இறங்குவார். மணி முற்றிய, நோயணுகாத கதிர்களை மட்டும் கொய்து தனியே காயவைப்பார். அதுவே மறு காலபோகத்து விதைநெல். வீட்டிற் பட்டினி வந்தாலும் அதிற் கைவைக்க விடமாட்டார். எழுத்தறியாக் கிழவி ஏதோ சடங்கு செய்கிறாள் என்றே, கல்லூரி வாசலை மிதித்துவிட்ட நாம் அந்நாளில் எண்ணினோம். நினைக்க இன்று நாணமாயிருக்கிறது.

குளக்கரைகளிலே தானாக முளைக்கும் காட்டு நெல்லை வாசகர் கண்டிருக்கலாம். முற்றியதும் அதன் மணிகள் தாமாகவே சேற்றில் உதிர்ந்துவிடும். செடிக்கு அது பிழைக்கும் வழி, மனிதனுக்கோ பட்டினி. எங்கோ ஒரு கதிர் உதிராது நிற்கும். அறுப்பவன் கைக்கு அகப்படுவது அதுவே. அவன் மீண்டும் விதைப்பதும் அதனையே. சீனத்தின் கீழ் யாங்சி வெளியிலே, தியான்லுவோசான் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த நெல்லின் அடிக்காம்புகளை ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்த்தனர். ஏறத்தாழ 6900 ஆண்டுகளுக்கு முன்னர் உதிராத வகை நூற்றுக்கு 27. முந்நூறு ஆண்டு கழிந்தபின் 39. பன்னிரண்டே பன்னிரண்டு! பத்துத் தலைமுறைக்கு மேல் முதுகு வளைந்து பெற்ற ஊதியம் அது. அரசர் பெயர்களை மாணவருக்கு மனனஞ் செய்வித்த நாம், சோற்றை ஆக்கிய அம்மக்களைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் இவ்வாறு தெரிந்தெடுத்த கைகளின் ஆக்கமே. பின்னர் அத்தொழில் ஆராய்ச்சி நிலையத்துள்ளும் புகுந்தது. பத்தலகொடையில் உள்ளூர் முருங்கக்காயனையும் இந்தோனேசிய மாஸ் நெல்லையும் கலந்து உருவாக்கிய எச்-4 இனம் 1958இல் கமக்காரரிடம் வந்தது, விளைச்சல் பெருகிற்று. விஞ்ஞானத்தை நாம் பழிப்போரல்லோம். ஆச்சியின் பெட்டியும் அந்த ஆய்வுகூடமும் ஒரே தொழிலின் இரு படிகள்.

ஆயின், பெருகிய நெல் யார் வீட்டுக்குப் போயிற்று? ஆச்சி செய்தது வாரக்காணி. அதே 1958இல் பிலிப் குணவர்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் வாரத்துக்கு வரம்பு கட்டியது. குடியானவனுக்கு நிலைத்த உரிமையும் வழங்கியது. அவ்வுரிமை கைக்கு வருமுன்னரே குடிகளை வெளியேற்றிய காணிக்காரர் பலர். எமது ஆச்சியும் வெளியேற்றப்பட்டார். வயலைவிட்டு அவர் கொண்டுவந்தது அந்தப் பெட்டி விதைநெல் ஒன்றே. அவ்வாண்டு வீட்டிற் பலநாள் உலை வைக்கவில்லை, பெட்டி திறக்கப்படவுமில்லை. மாரி பிறந்ததும், அயலிற் காணியுள்ள ஒருத்தியை அழைத்து அதனை அளந்து கொடுத்தார். விலை பேசவில்லை.