கோணான்குப்பத்துப் பெரியநாயகி

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா புடவை கட்டி, கையில் குழந்தையோடு தமிழ்ப் பெண்ணாகவே நிற்கிறாள். இத்தாலியிலிருந்து வந்த ஒரு சாமியார் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கோயில் இது. தான் பிறந்த நாட்டின் மாதாவை அவர் ஏன் அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கவில்லை? இந்தக் கேள்வியோடுதான் கோயிலின் தொடக்கத்தைத் தேடினேன்.

ஊர் மரபு ஒரு கதையைச் சொல்கிறது. காட்டு வழியில் சாமியார் இளைப்பாறியபோது, அவர் வைத்திருந்த மாதா சொரூபத்தை மாடு மேய்க்கும் சிறுவர்கள் எடுத்து ஒளித்துவிட்டார்கள். பிள்ளையில்லாத முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயரின் கனவில் மாதா தோன்றி, தனக்கொரு கோயில் கேட்டாள். அவருக்குக் குழந்தை பிறந்தது; தொலைந்த சொரூபமும் கிடைத்தது.

அந்தச் சாமியார் வீரமாமுனிவர். 1680இல் காஸ்திலியோனேயில் பிறந்த ஜோசப் பெஸ்கி.

எழுத்துச் சான்றுகளுக்குப் போனால், நமக்கு முன்பே தேடிய ஒருவர் எதிர்ப்படுகிறார். முனிவர் மறைந்து ஏறத்தாழ 70 ஆண்டு கழிந்த 1816இல், சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரை, முனிவரின் சுவடிகளையும் செய்திகளையும் திரட்டிவர முத்துசாமிப் பிள்ளையைத் தென்னாட்டுக்கு அனுப்பினார். பிள்ளை 1822இல் எழுதிய வரலாறுதான் பின்வந்த பல நூல்களுக்கு ஊற்று. அதை வரிக்கு வரி நம்பிவிட முடியாது. முனிவர் திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபின் திவானாக இருந்தார் என்ற செய்தியை இயேசு சபையின் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தேடல் நடந்திராவிட்டால் பல செய்திகள் சுவடிகளோடு செல்லரித்துப் போயிருக்கும்.

சொரூபத்தைப் பற்றி வழிவழியாக எழுதப்பட்டு வரும் செய்தி இது: முனிவர் மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் உடையில் படமாக வரையச் செய்து, அதை மணிலாவுக்கு அனுப்பி, அதே சாயலில் சொரூபம் செய்து வரவழைத்தார். அதாவது, இந்தப் புடவை பின்னாளில் யாரோ பக்தியால் சாத்தியது அல்ல. கோயில் கட்டியவரே எண்ணித் தேர்ந்த கோலம்.

அந்த எண்ணத்துக்கு வலுவான சாட்சி அவர் 1726இல் முடித்த தேம்பாவணி. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட அந்தக் காப்பியம் 3,615 பாடல்கள் கொண்டது. கதைக்குள் நேரே நுழையாமல், தமிழ்க் காப்பிய முறைப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்றே தொடங்குகிறது. மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் செழிக்கும் யூதேயாவைப் படிக்கும்போது காவிரிக் கரைதான் கண்ணில் நிற்கிறது. சூசையப்பரின் நாட்டுக்குச் செய்ததையே அவர் மாதாவின் உருவத்துக்கும் செய்திருக்கிறார்.

கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியிலும் இதே முறைதான். அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

வீரமாமுனிவர் 1747இல் மறைந்தார். தேம்பாவணி ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சேறத் தொடங்கியது 1851இல், புதுச்சேரியில். அதுவரை காப்பியத்தைக் கையால் தொடாத எத்தனையோ குடும்பங்கள் கோணான்குப்பத்துக்கு வந்து, புடவை கட்டிய அந்த மாதாவிடம் பிள்ளை வரம் கேட்டிருக்கின்றன. முனிவர் யாருக்காக அந்தக் கோலத்தைத் தேர்ந்தாரோ, அவர்கள் ஏடு அச்சாகும்வரை காத்திருக்கவில்லை.