ஆற்றில் போனாலும் அளந்து போ

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலை. சுந்தரவனத் தீவு ஒன்றில் கரை உடைந்து உப்புநீர் புகுந்த வயல்களைப் பார்த்துவிட்டு, ஸ்பீடு போட்டில் கானிங் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாத்லா ஆற்றின் நடுவில் இன்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. ஓட்டிவந்த இளைஞர் சாவியைத் திருகினார். பலனில்லை. மீட்டரைப் பார்த்தார். பாதி டேங்க் இருப்பதாக முள் காட்டியது. கண்ணாடியை விரலால் தட்டினார். அப்போதும் பாதிதான்.

டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். பிழைப்பு கொல்கத்தாவில். அலிப்பூரில் தேசிய நூலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாசம். மொழிபெயர்ப்பு, இடையிடையே செய்திக்காக ஊர் சுற்றல். படகு இன்ஜினுக்கும் எனக்கும் அன்றுவரை ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மாத்லா பெயருக்குத்தான் ஆறு. சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் அதை முன்னும் பின்னும் இழுக்கும். அன்று எங்களுக்கு வாய்த்தது நீர் வற்றும் நேரம். படகு மெல்ல வங்கக் கடல் பக்கம் நகரத் தொடங்கியது. நங்கூரம் போட்டோம். கயிறு போதாமல் அது தரையைத் தொடவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. காய்ச்சல் கண்ட குழந்தையைக் கானிங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தீவிலிருந்து ஒரு தாய் எங்களோடு ஏறியிருந்தார். "இன்னும் எவ்வளவு நேரம் தாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம்மூர் அர்த்தம் வேண்டாம்.) அண்ணனிடம் பதில் இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு 'புட்புட்டி' வந்தது. டீசல் இன்ஜின் பூட்டிய நாட்டுப் படகுக்கு அதன் சத்தமே பெயராகிவிட்டது. படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். எங்களைக் கயிறு கட்டி இழுத்துப் போனார். அவர் படகில் மீட்டரே இல்லை. டீசல் டின்னுக்குப் பக்கத்தில், கத்தியால் கோடு கீறிய ஒரு மூங்கில் குச்சி. "ஒரு கோடு, ஒரு மணி நேரம்" என்றார். "கிளம்பும்போது நீங்கள் குச்சி விட்டுப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். "மீட்டர் இருக்கிறதே" என்றார் எங்கள் இளைஞர். பெரியவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. எனக்குத்தான் அந்த முள் மனதில் குத்திக்கொண்டே இருந்தது. அலிப்பூரை அடுத்த கிதிர்ப்பூரில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போய் விசாரித்தேன்.

விஷயம் எளிமையானது. டேங்குக்குள் ஒரு மிதவை. எண்ணெய் மட்டம் இறங்கினால் மிதவையின் கையும் இறங்கும், மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் முள் காட்டுகிறது. உப்புக் காற்றும் அழுக்கும் சேர்ந்து கை இறுகிவிட்டால், முள் நின்ற இடத்திலேயே நிற்கும். எங்களுக்கு நேர்ந்தது அதுதான். அமெரிக்க வகை மீட்டரில் மிதவைக் கம்பி அறுந்தால் பெரும்பாலும் 'காலி' என்று காட்டும். அது பொய், ஆனால் ஆபத்தில்லாத பொய். உதிரி பாகம் மாறிப் போனால்தான் வினை. அமெரிக்க வகையில் காலி டேங்குக்கு 240 ஓம், நிறைந்த டேங்குக்கு 33. ஐரோப்பிய வகை தலைகீழ்: காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஐரோப்பிய மிதவையை அமெரிக்க மீட்டரில் பூட்டினால், காலி டேங்க் 'ஃபுல்' ஆகிவிடும்.

பழுதே இல்லாத மீட்டரும் ஏமாற்றும். படகின் அடிப்பகுதிக்கு ஏற்ப டேங்கும் கீழே குறுகிக்கொண்டே போகும். 'V' வடிவமாகக் குறுகும் டேங்கில் முள் பாதி என்றால், உள்ளே இருப்பது கால் பங்குதான். வேகமெடுத்து முகப்பு தூக்கினால் எண்ணெய் முழுக்கப் பின்னால் ஓடிவிடும். அப்போது முள் சொல்வது வேறு கணக்கு.

சரி, குச்சி மட்டும் போதுமா? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. மீட்டர் வேலை செய்யாததால் கீழே கையாலேதான் அளந்திருந்தார்கள். ஆனால் கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள். ஏறியது பாதிக்கும் குறைவு. கிம்லி என்ற ஊரின் பழைய விமானதளத்தில் மிதந்து இறங்கி 69 பேரும் உயிர் தப்பினார்கள். இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. பிரிட்டிஷ் கேலன் சுமார் நாலரை லிட்டர், அமெரிக்க கேலன் சுமார் 3.8. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஒரு மொழிபெயர்ப்பில் நானே கோட்டை விட்டிருக்கிறேன். அச்சில் என்றால் திருத்தம் போடலாம்.

மெக்கானிக் சொன்ன வழி இது. கிளம்புமுன் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். தூரத்தை நம்பாமல் இன்ஜின் ஓடிய மணி நேரத்தை எழுதி வைக்க வேண்டும். 40 குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். நீரோட்டத்தை எதிர்த்தால் அதே தூரத்துக்கு நேரம் கூடும், செலவும் கூடும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் மீட்டர் இல்லாவிட்டாலும் 'ரிசர்வ்' குமிழ் இருந்தது நினைவிருக்கிறதா? அதே தத்துவம்தான்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் பாட்டிமார் சொன்னது சிக்கனத்துக்காக. இப்போது நான் படகேறும்போது முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம்?" மீட்டரைக் காட்டினால் குச்சி கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். "இன்னும் எவ்வளவு நேரம் தாதா?" என்று யாராவது கேட்டால் இனி எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.