குழி தோண்டியாச்சு... அப்புறம்?

ஜூன் 5 வந்தா போதும் பாஸ், நம்ம காலேஜ் குரூப் எல்லாம் பச்சைப் பசேல்னு ஆயிடும். ஒரு கன்று, அதைச் சுத்திப் பதினெட்டு கை, ஒரு போட்டோ. அந்தக் கன்றை ஜூலையில போய்ப் பார்த்திருக்கீங்களா?

சென்னைக்காரங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நமக்கு மழையோட பெரும் பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான். ஜூன் ஆரம்பத்துல கத்திரி முடிஞ்சிருக்கும், ஆனா வெயில் இறங்கியிருக்காது. 2003-ல சென்னையில 45 டிகிரி பதிவானது மே 31-ம் தேதி! அந்தச் சூட்டுல பிஞ்சு வேரை மண்ணுல இறக்கிட்டு வந்துட்டா அது என்ன பண்ணும்? புரட்டாசி கடைசியில நட்டுப் பாருங்க, ஐப்பசியும் கார்த்திகையும் ஓசியிலேயே தண்ணி ஊத்திடும்.

அடுத்த சிக்கல் நம்ம காலண்டர். கன்றுக்கு உயிர் போற தாகம் எடுக்கிறது ஏப்ரல், மே மாசத்துல. நாம செமஸ்டர் எழுதிட்டு ஊருக்கு பஸ் ஏறுறதும் அதே மாசத்துல. ஃபைனல் இயர்னா திரும்பியே வர மாட்டோம். ரெண்டு மூணு கோடை தாண்டினாத்தான் தெருவோர மரம் தன் கால்ல நிக்கும். கிட்டத்தட்ட ஒரு டிகிரி முடிக்கிற காலம்!

இதுல எனக்கு என்ன அவ்வளவு அக்கறைன்னு கேட்கலாம். எங்க அம்மா பூ விக்கிறாங்க. 2016 டிசம்பர் 12, வர்தா புயல்ல சென்னையில சாய்ஞ்ச ஆயிரக்கணக்கான மரங்கள்ல, அம்மா கடை போட்டிருந்த தூங்குமூஞ்சி மரமும் ஒண்ணு. அதுல இருந்து கட்டடத்து நிழல் எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கம் கூடையும் நகரும். மல்லிக்கு ஈரத்துணி, தலைக்கு ஒரு துண்டு. "பூ வாடுனா பாதி விலைக்காவது போகும், நான் வாடுனா யாருடா வாங்குவா?"ன்னு சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வராது. 2024 அக்டோபர்ல தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது. இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல விஷயம்தான். ஆனா அதுக்கு முன்னாடியே தலைக்கு மேல ஒரு கிளை இருந்தா தேவலை.

அதனால எங்கே நடுறோம்ங்கிறது முக்கியம். ஏற்கெனவே நிழலா இருக்கிற கேம்பஸ்லயே இன்னும் நூறு கன்று எதுக்கு? மதியம் ரெண்டு மணிக்கு காலேஜ் கேட்ல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து பாருங்க. எங்கே உங்க நடை ஓட்டமாகுதோ, அதுதான் ஸ்பாட். தார் ரோடும் கான்கிரீட்டும் பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சுட்டு ராத்திரி கக்கும். மரம் இருந்தா வெயில் ரோட்டுக்கே வராது. இலை விடுற ஈரமும் குளிர்ச்சி தரும்தான். ஆனா நம்ம ஊர் காத்துல ஏற்கெனவே ஈரம் ஜாஸ்தி, அதனால நிழல்தான் பெரிய லாபம். புங்கன்னா கோடை ஆரம்பத்துலயே தளதளன்னு புது இலை விட்டுடும்.

மேலே கரண்ட் கம்பி, கீழே கேபிள், டிரைனேஜ்... இதையெல்லாம் வார்டு ஆபீஸ்லயும் ஈ.பி.யிலயும் கேட்காம குழி தோண்டினா, மூணு வருஷம் வளர்த்ததை மூணு நிமிஷத்துல மொட்டையடிச்சுட்டுப் போவாங்க. அப்புறம் அவங்களைத் திட்டிப் புண்ணியமில்லை.

எங்க குரூப்ல இப்போ 23 கன்று. ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல மூணு பேர்: ஒரு சீனியர், ஒரு ஜூனியர், அந்தத் தெருவுலயே பொழைக்கிற ஒருத்தர். ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன், இஸ்திரிக் கடை அக்கா மாதிரி. லீவு விட்டாலும் ஊருக்குப் போகாதவங்க அவங்கதானே! நிழல் வேணும்ங்கிற அவசரமும் நம்மளைவிட அவங்களுக்கு அதிகம். ஆட்டோ ஸ்டாண்ட் பக்கத்துல வெச்ச கன்று ஒண்ணுகூட இதுவரைக்கும் காயல.

மே மாச லிஸ்ட்ல முழுக்க டே ஸ்காலர் பேருங்கதான். வாரத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு ரெண்டு குடம். பஸ் ஸ்டாப் புங்கனுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை இன்னும் ஆள் கிடைக்கல.