மலை உறுமுமோ?

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டியபோது, இலக்கணத்தில் ஏதேனும் ஒன்று எழுதலாமென எண்ணினோம். ஆயின், எழுதுகோலை எடுத்ததும் நினைவில் வந்து நின்றது, முன்னொரு நாள் நாம் பிழையாகத் திருத்திய ஒரு மாணவனின் பயிற்சிக் கொப்பியே.

கல்லூரியை விட்டு நீங்கி, பயிற்றப்பட்ட ஆசிரியர் பத்திரம் பெற்றுப் பதுளைக்கு வந்த நாள்தொட்டு, நம்மிடம் தமிழ் கற்போர் பெரும்பாலும் ஊவாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளே. ஒருநாள் ஆங்கில ஆசிரியரான நம் நண்பர் ‘ரோர்’, ‘ரம்பிள்’, ‘பாங்’ எனப் பேரொலி குறிக்கும் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் பொருள் வேறுபாட்டை விளக்கிச் சென்றார். அடுத்த பாடம் நம்முடையது. “தமிழ்ல எல்லாத்துக்கும் சத்தம்தானுங்களே சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டது. தமிழாசிரியர் பொறுப்பரோ!

ஓசைப் பொருளில் வரும் இருபதுக்கு மேற்பட்ட சொற்களை நன்னூலார் ஒரே சூத்திரத்தில் அடுக்கியிருத்தலை எடுத்துரைத்தோம். துன்ஹிந்தை அருவி இடையறாது எழுப்புவது இரைச்சல். முன்னாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த தப்பு எழுப்பியது முழக்கம். தேர் நகரும்போது சனங்கள் எழுப்புவது ஆரவாரம். இரவிற் சருகு அசைந்தால் அஃது அரவம். யானை பிளிறும், புலி உறுமும். (எறிகணை கூவும், விமானம் இரையும் என்று பிரித்தறிய நாம் யாழ்ப்பாணத்திற் சிறுவராயிருந்தபோது கற்றோம், அப்பாடத்தை எந்த ஆசிரியரும் நடத்தவில்லை.)

பின்னர், ‘நான் கேட்ட பேரொலி’ என்னும் பொருளில் எழுதிவரப் பணித்தோம். கொஸ்லாந்தைப் பக்கத்து மாணவன் ஒருவன், “மலை உறுமியது” என்று எழுதியிருந்தான். ‘மரபு வழு’ எனச் சிவப்பு மையாற் குறித்து, “மலையில் இடிபோல் ஒலி எழுந்தது” எனத் திருத்திக் கொடுத்தோம். திருத்தம் நன்றாக அமைந்ததென்று நமக்கு உள்ளூர மகிழ்ச்சியும் உண்டு.

மணி அடித்தபின்னும் அவன் போகவில்லை.

“இடின்னா மேல இருந்து வருமுங்க சேர். இது காலுக்கு அடியில இருந்து வந்துச்சுங்க. கோயில்ல உறுமி அடிக்கிறப்போ வயித்துக்குள்ள கேக்குமே, அந்த மாதிரிங்க.”

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மீரியபெத்தை மலைச்சரிவு இடிந்து, லயங்களை மனிதரோடு மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் மண்ணையே கண்டனர். அன்று சிறுவனாயிருந்த இம்மாணவன் அயற்றோட்டத்தில் நின்று கேட்டதையே எழுதியிருந்தான். நாம் அதனைக் கேட்டோமில்லை, ஆயினும் திருத்தினோம்.

உறுமி என்னும் தோற்கருவி, வளைந்த கோலால் தோலைத் தேய்க்கும்போது எழும் ஒலியாற் பெயர்பெற்றது. புலியைக் காணாத பிள்ளைக்கு உறுமுதல் இன்னதென்று அக்கருவி கற்பித்திருக்கிறது. அன்றியும், மரங்கள் முறியும் சடசடப்பு, பாறைகள் ஒன்றோடொன்று மோதும் ஒலி, வரவரப் பெருகும் உறுமல் ஆகியன மண்சரிவின் குறிகளென்று அத்துறை அறிந்தோர் கூறுவர். மழை கொட்டும் இரவில் “ஏதோ சத்தம்” என்றால், இடியென்று எண்ணிப் போர்வையை இழுத்துக்கொள்வர்; “மலை உறுமுகிறது” என்றால் லயமே எழுந்து ஓடும். 2025ஆம் ஆண்டு நவம்பரில், டித்வாப் புயலோடு வந்த பெருமழையிற் பதுளை மாவட்டத்து மலைகள் பலவிடத்தும் சரிந்தபோது, நமக்கு அம்மாணவனின் சொல்லே காதில் நின்றது.

தொல்காப்பியர் உரியியலில், கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கும் அரவப் பொருளன என்கிறார். அவற்றுள் அழுங்கல் என்பதற்கு மட்டும் இரக்கம், கேடு என வேறிரு பொருளும் உரைக்கிறார். பரீட்சைக்காக இதனை மனனஞ் செய்தோமேயன்றி, ஒலியும் கேடும் இரக்கமும் ஒரு சொல்லில் எங்ஙனம் கூடின என்று வினவினோமில்லை.

மறுநாட் கொப்பியைத் திரும்ப வாங்கி, நம் சிவப்புக் கோட்டின்மேல் ஒரு கோடிழுத்து, ‘உறுமியது என்பதே சரி’ என எழுதி ஒப்பமிட்டோம். அவன் அதனை இருமுறை படித்துவிட்டு, “அப்போ மார்க்ஸ் கூடுமாங்க சேர்?” என்றான்.

இரண்டு புள்ளி கூட்டினோம்.