காய் வெந்த பின் தக்காளி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

"ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" இந்தக் கேள்வி ஒலிக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. சென்ற கார்த்திகை மாதம் வரையில் நானும் அந்தக் கேள்வியின் கட்சியில் இருந்தவன்தான். பசித்தால் தட்டின் முன் உட்காரத் தெரியும். உப்புக் குறைந்தால் குறை சொல்லத் தெரியும். அதற்குமேல் சமையலைப் பற்றி நான் ஒன்றும் அறியேன். அப்படிப்பட்டவன் ஆறு வாரம் உலை வைத்த கதையையும், ஓர் அவரைக்காய்க் குழம்பு எனக்குக் கற்றுத் தந்த பாடத்தையும் இம்மலரின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூர். பாலக்கோடும் இராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர்போன ஊர்கள் என்பதை நண்பர்கள் அறிவீர்கள். என் தாயார் அந்தத் தக்காளித் தோட்டங்களில் பழம் பறிக்கும் கூலித் தொழிலாளி. தந்தையார் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்; பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். தங்கை பத்தாம் வகுப்பு. பாட்டி எங்களோடு இருக்கிறார். எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. வேறு சில பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் பழம் செடியிலேயே அழுகிப் போகும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அம்மா குனிந்து பறிக்கும் குனிவு ஒன்றுதான்.

சென்ற கார்த்திகை மழையில் வரப்பு வழுக்கி, தலையில் இருந்த பழப் பெட்டியோடு அம்மா விழுந்துவிட்டார். வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று மாலை உறவினர் சிலர் பார்க்க வந்திருந்தார்கள். பேச்சு சமையலுக்கு வந்தது. பாட்டி சட்டென்று சொன்னார்: "பொட்டப் புள்ள வீட்டுல இருக்கறப்ப என்ன கவலை? ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகலைன்னா குடியா முழுகிடும்?"

யாரும் மறுக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைக்கு இரண்டு வாரத்தில் அரையாண்டுத் தேர்வு. அவள் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் புத்தகப் பையை ஆணியில் மாட்டினாள். உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன்: அப்போது என் மனத்தில் தோன்றியது வருத்தம் அல்ல, நிம்மதி. 'நல்லவேளை, என் வகுப்புகளுக்கு இடையூறு இல்லை' என்றுதான் நினைத்தேன்.

இரவு பத்து மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். தங்கை விளக்கடியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற இந்நேரத்துல?"

"டைம்டேபிள் பார்க்கறண்ணா. நாளைக்கு என்ன பாடம் நடத்துவாங்கன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படித்துக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் படிப்பு நிற்க வேண்டும் என்றால், அது ஏன் கேள்வியே இல்லாமல் அவள் படிப்பாக இருக்க வேண்டும்? விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து அடுப்படிக்குள் போனேன். ஆணியில் இருந்த பையை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

முதல் இரண்டு நாளும் அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சோறு வடித்து ரசம் வைத்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் கொஞ்சம் ஆணவம் வந்துவிட்டது. எங்கள் வேலியில் அவரை காய்த்துத் தொங்கியது. தோட்டத்து அக்காமார்கள் விலைபோகாத வடுப்பட்ட தக்காளியை ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். 'சோதனைச்சாலையில் கரைசல் தயாரிக்கிறவனுக்கு இது ஒரு பெரிய காரியமா?' என்று எண்ணி, அம்மா எழுவதற்குள் வேலையைத் தொடங்கினேன். வெங்காயம் வதக்கி, ஆறு தக்காளியை நறுக்கிப் போட்டு, நார் உரித்த அவரைக்காயையும் உடனே கொட்டி மூடினேன்.

இருபது நிமிடம் ஆயிற்று. காய் வேகவில்லை. தண்ணீர் ஊற்றினேன். நாற்பது நிமிடமும் ஆயிற்று. குழம்பு கொதிக்கிறது, மணக்கிறது. காய் மட்டும் பல்லுக்கு வளைந்து கொடுக்க மறுக்கிறது. ஏழரை மணிப் பேருந்து என் கண்முன் போய்க்கொண்டிருந்தது. எரிவாயு வேறு வீணாயிற்று.

அம்மா இடக்கையால் ஒரு காயை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "தக்காளிய முன்னாடியே போட்டுட்டியா கண்ணு? அதான் காய் வெறச்சுக்கிச்சு. காய் முக்காப்பதம் வெந்தப்புறந்தான் புளிப்பைக் கிட்ட விடணும்."

"ஏம்மா அப்படி?"

"ஏன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? எங்கம்மா சொல்லுச்சு. புளிக்கும் அதேதான்."

அடுத்த நாள் எங்கள் வேதியியல் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று அஞ்சினேன். அவரோ கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். காய்கறியின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்திருக்கும் பசைப்பொருள் பெக்டின். நடுநிலையான நீரில் கொதிக்கும்போது அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து கரைகின்றன, காய் குழைகிறது. பி.எச். மதிப்பு 4-ஐ ஒட்டிய புளிப்பில் அந்த அறுபடுதல் மிக மெதுவாகிவிடுகிறது. காரமான ஆப்பசோடாவைப் போட்டால் காய் சீக்கிரம் குழைந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். "சாற்றைக் கொண்டு வா, அளந்து பார்ப்போம்" என்றார். கொண்டுபோனேன். எங்கள் தோட்டத்துப் பழத்தின் சாறு பி.எச். மானியில் 4.4 காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். ஒரே அளவு அவரைக்காயை இரண்டு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் தக்காளிச் சாறும் ஊற்றி, இரண்டையும் ஒரே இட்லிப் பானைக்குள் வைத்தேன். ஆவி ஒன்று, நேரம் ஒன்று; வேறுபாடு புளிப்பில் மட்டும். அரை மணி கழித்துத் திறந்தேன். தண்ணீரில் இருந்த காய் விரலுக்கு நசுங்கியது. சாற்றில் இருந்த காய் வளைந்து, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. அம்மாவுக்குச் சிரிப்பு. "நான்தான் சொன்னேனே, இதுக்கு எதுக்கு ரெண்டு கிண்ணம்?" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அந்தப் பசைக்கு என்ன பேரு சொன்னே?"

"பெக்டின்."

"பெக்டின்" என்று தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பேரு வெச்சிருக்காங்களா இதுக்கு!"

அன்று முதல் அம்மா சொல்லும் ஒவ்வொன்றையும் நான் வேறு காதுகளால் கேட்கத் தொடங்கினேன். தக்காளியை வதக்கும்போது "எண்ணெய் செவப்பாப் பிரிஞ்சு வரட்டும், அவசரப்படாதே" என்பார். பழத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் லைகோபீன். 40 கார்பனும் 56 ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட அந்தப் பொருள் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பழத்தின் நீர் சுண்டியபின் எண்ணெய் சிவந்து ஓரங்களில் ஒதுங்குவது அதனால்தான். "ஆக்கின குழம்பை அலுமினியச் சட்டியிலேயே விடாதே, மண்சட்டிக்கு மாத்து" என்பார். அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தைப் புளிப்பு அரிக்கும் என்பதை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். மனப்பாடம் செய்தவன் சட்டியை மாற்றவில்லை. படிக்காத அம்மா மாற்றினார்.

இன்னொரு வியப்பும் உண்டு. பாட்டி இன்றும் இதைச் 'சீமைத் தக்காளி' என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லிலேயே வரலாறு இருக்கிறது. தென்னமெரிக்காவில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரால் ஐரோப்பாவுக்குப் போய், அதன் பிறகே கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த பழம் இது. நம் மண்ணில் தக்காளி என்ற பெயர் மணத்தக்காளிக்கும் சொடக்குத் தக்காளிக்கும் உரியது. அவரையோ சங்க நூல்களிலேயே இடம்பெற்ற பழைய பயிர். புதிய பழம் சமையலுக்கு வந்தபோது, அதன் புளிப்பில் தங்களுக்குப் பழக்கமான புளியின் குணத்தை நம் பெண்கள் கண்டுகொண்டிருக்க வேண்டும். பழைய விதியையே புதிய பழத்துக்கும் வைத்தார்கள். இதையும் ஆராய்ச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஊரார் சும்மா இருக்கவில்லை. "காலேசுல ஆக்கிப்போடத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்று குழாயடியில் ஒருவர் கேட்டார். நான் தலை குனிந்தது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் சீருடையோடு தங்கை என்னைக் கடந்து பள்ளிக்குப் போனாள். அதற்குமேல் பதில் சொல்லத் தோன்றவில்லை.

அப்பா அடுத்தமுறை வந்த நாள் ஒரு சனிக்கிழமை. களியும் அவரைக்காய்த் தக்காளிக் குழம்பும் செய்திருந்தேன். இம்முறை முறையாகச் செய்தேன்: அரைக் கிலோ அவரையைச் சிறிது உப்பிட்டு முக்கால் பதம் வேகவைத்து இறக்கி, கடலெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளியைக் குழைய விட்டு, மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் சேர்த்து, எண்ணெய் பிரிந்தபின் காயைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன். அப்பா என்ன சொல்வாரோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் பேசாமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பு கேட்டார். கடைசியில், "மிளகாய்த்தூளைத் தக்காளி நல்லா மசிஞ்சப்புறம் போடு, கமறாது" என்றார்.

நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா.

அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அங்க ஷெட்டுல எட்டுப் பேரு. முறை வெச்சு ஆக்கறோம். வாரத்துல ரெண்டு நாள் எம்முறை."

இருபத்திரண்டு ஆண்டு இல்வாழ்க்கையில் அம்மா அறியாத செய்தி அது. ஊருக்கு வரும் பேருந்தில் ஏறும்போதே அப்பா தம் சமையலை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினைந்து நாட்களுக்கு முன்பு நானும் அதைத்தானே செய்திருப்பேன்? பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வாய்க் களியைக் குழம்பில் துடைத்துத் தின்றுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவரைக்காய்க்கு நார் உரித்து முறத்தில் வைத்திருந்தார்.

தங்கை அரையாண்டுத் தேர்வில் எல்லாத் தாள்களையும் எழுதினாள். தைப் பொங்கலை ஒட்டி அம்மாவின் கட்டைப் பிரித்தார்கள். கை பழைய பலத்துக்கு வர நாள் பிடித்தது. இப்போது செவ்வாயும் சனியும் சமையல் என் முறை; அப்பா ஊரில் இருக்கும் ஞாயிறு அவர் முறை.

நண்பர்களே, பட்டம் பெற்றபின் நான் எந்த வேலையில் இருப்பேனோ தெரியாது. ஆனால் கல்வி என்பது புத்தகத்தில் தொடங்கி வீட்டுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். அது வீட்டிலேயே, எழுதப்படாமல், அம்மாவின் கையில் இருந்தது என்பதை ஓர் அவரைக்காய் எனக்கு உணர்த்தியது. நான் அதற்குப் பெயர்களை மட்டுமே கொண்டுவந்தேன். உங்கள் வீட்டிலும் ஆணியில் ஒரு பை தொங்கக்கூடும். ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.