அல் ஐன்: ஷேக் ஸாயித் வீடும் பேரீச்சந்தோப்பும்

வார இறுதியில் மாலைத் தவிர வேற எங்கே போகலாம்னு கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்றது அல் ஐன் அரண்மனை அருங்காட்சியகம். துபாயிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம்.

1937-ல் கட்டின வீடு. அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் ஸாயித், 1966-ல் அபுதாபி ஆட்சியாளர் ஆகும் வரை குடும்பத்தோடு இங்கேதான் வாழ்ந்தார். 2001-ல் அருங்காட்சியகமாகத் திறந்தாங்க. அரண்மனைன்னதும் மைசூரை மனசுல வச்சுக்கிட்டுப் போகாதீங்க. செம்மண் நிறச் சுவர், அடுத்தடுத்து முற்றங்கள், விருந்தினர் உட்கார மஜ்லிஸ், காபிக்குத் தனி அறை, அவ்வளவுதான். முற்றத்தில் நிற்கிற பழைய லேண்ட் ரோவரை விட்டுப் பிள்ளைகளை நகர்த்துவதுதான் கஷ்டம்.

விஷயம் வெளியேதான் இருக்கு. வீட்டை ஒட்டியே அல் ஐன் சோலை. சுமார் 1,47,000 பேரீச்ச மரங்கள். 2011-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அல் ஐன் இடங்களில் இதுவும் ஒண்ணு. நிழலுக்குள்ள நுழைஞ்சதுமே வெயில் குறையறது தெரியும்.

மரங்களுக்குத் தண்ணி தர்றது ஃபலஜ். மலையடிவார நிலத்தடி நீரை, லேசான சரிவில் வெட்டின சுரங்கக் கால்வாய் வழியா ஊருக்குக் கொண்டுவர்ற முறை. இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட 3,000 வருஷப் பழசு. தண்ணியை நேரக் கணக்கில் முறை வச்சுத் தோப்புகளுக்குப் பிரிக்க அரீஃப் என்று ஒரு பொறுப்பாளர் உண்டு. நம்ம ராமநாதபுரம் கண்மாய் நீர்ப்பாய்ச்சி மாதிரியேதான்! 1946-ல் இந்தப் பகுதி நிர்வாகத்துக்கு வந்த ஷேக் ஸாயித், ஃபலஜ்களைத் தூர்வாரிச் சீர் செய்தார். எண்ணெய்ப் பணமெல்லாம் அதுக்குப் பிறகு வந்தது. இப்போ நிலத்தடி நீர் இறங்கிட்டதால கிணற்று பம்பும் தேவைப்படுது.

அரபியில் 'ஐன்' என்றால் கண். ஊற்று என்றும் பொருள். நாம ஊற்றுக்கண்ணுன்னு சொல்றோமே, அதேதான். இதைச் சொன்னப்போ என் பொண்ணு, "அப்போ இவங்களும் நம்ம மாதிரி விவசாயம் பண்ணவங்களாப்பா?"ன்னு கேட்டா. விசா முடிஞ்சா கிளம்புற ஊருன்னு நாம வீட்டுல பேசறதைக் கேட்டே பிள்ளைங்க வளர்றாங்க. ஆனா நமக்குத்தான் இது வேலை பார்க்கிற ஊர். இங்கே பிறந்த அவளுக்கு முதல் ஊரே இதுதான். அதுக்கு டவருக்கும் மாலுக்கும் முந்தின கதை ஒண்ணு இருக்குன்னு அவளுக்குத் தெரியணும்னு நினைக்கிறேன்.

நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் நல்ல நேரம். வீட்டைக் காலையிலேயே பார்த்துட்டு, சோலையில் கால்வாய் ஓரமா நடங்க. தண்ணி ஓடினா, அது எந்தத் தோப்புக்குத் திரும்புதுன்னு பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க.