வெள்ளைப் பொடியும் வயித்துப் பூச்சியும்

நான் இங்க விஸ்கான்சின்ல என்ன படிக்கிறேன்னு ஊர்ல யாராவது கேட்டா, "கால்நடை சம்பந்தமா ஏதோ ஆராய்ச்சி"ன்னு சொல்லி அம்மா பேச்சை மாத்திடுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. மாட்டுச் சாணியில புழு முட்டை எண்ணுறதுதான் என் வேலை. பையன் அமெரிக்கா போய் சாணி அள்ளுறான்னு எந்த அம்மா வெளியில சொல்லுவாங்க? :)

சாணி எடுக்கப் போற பண்ணைகள்ல, அதுவும் இயற்கைப் பால்பண்ணைகள்ல, ஒரு கேள்வி தப்பாம வரும். "டயட்டமேசியஸ் எர்த் போடுறேன், அது போதும்தானே?" தீவன மூட்டை பக்கத்துலயே ஒரு வெள்ளைப் பொடி மூட்டையும் நிக்கும். தீவனத்துல கலந்தா வயித்துப் பூச்சி சாகும், முதுகுல தூவினா ஈயும் பேனும் போகும், ரசாயனமே இல்லன்னு நம்பிக்கை. இதுல பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதிக்கு விலை குடுக்கிறது யாருன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

முதல்ல அந்தப் பொடி என்னன்னு பார்த்துடலாம். டயட்டம்னு தண்ணியில வாழற ஒற்றைச் செல் பாசி இருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனா உடம்பைச் சுத்தி சிலிக்காவுல ஓடு கட்டிக்கும். செத்தா ஓடு மட்டும் அடியில தங்கும். லட்சக்கணக்கான வருஷம் அப்படிச் சேர்ந்த படிவத்தைத் தோண்டி அரைச்சா இந்தப் பொடி. ஓடு முழுக்க நுண்ணிய ஓட்டை, அதனால எதையும் உறிஞ்சும். 1867ல ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை இந்த மண்ணுல உறிஞ்ச வச்சுத்தான் டைனமைட் செஞ்சார்.

பூச்சியைக் கொல்றதும் அதே உறிஞ்சுற குணம்தான். பூச்சியோட தோல் மேல மெல்லிசா ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும். உடம்புத் தண்ணி வெளியே போகாம காப்பாத்தறது அதுதான். பொடி அந்த மெழுகை உறிஞ்சிடும், கொஞ்சம் சுரண்டியும் விடும். பூச்சி காய்ஞ்சு செத்துப்போகும். விஷம் இல்ல, வறட்சி. நம்ம பாட்டிங்க துவரைக்குச் செம்மண் கட்டி வச்சாங்களே, பயறுல சாம்பல் கலந்தாங்களே, ஏறக்குறைய அதே சங்கதிதான். தானியக் கிடங்குல வண்டுக்கு இந்தப் பொடி நிஜமாவே நல்லா வேலை செய்யும். ஏன்னா அங்க ஈரம் இல்ல.

ஈரம். மொத்தக் கதையும் இந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு.

மாட்டுக்கு வருவோம். கொம்பு ஈன்னு ஒண்ணு இருக்கு. வீட்டு ஈயில பாதி அளவு, ராத்திரி பகல் மாட்டு மேலயே உக்காந்து திரும்பத் திரும்ப ரத்தம் குடிக்கும். முட்டை போட மட்டும் கீழ இறங்கும், அதுவும் சூடு ஆறாத சாணியில. ஒரு மாட்டு மேல 200 ஈக்கு மேல போனா நஷ்டம்னு இங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. மாடு போற வழியில பொடிப் பையைத் தொங்கவிட்டா, முதுகுல பொடி பட்டு ஈயும் பேனும் கொஞ்சம் குறையலாம். மழை பெஞ்சாலோ, மாடு குட்டையில படுத்தாலோ அவ்வளவுதான், மறுபடி தூவணும். தீவனத்துல போட்டா சாணி வழியா வந்து ஈப் புழுவைக் கொல்லும்னும் சொல்றாங்க. புதுச் சாணியில முக்கால் பங்குக்கு மேல தண்ணி. அதுல எதை உலர்த்துறது?

வயித்துக்குள்ள கேக்கவே வேணாம். பெரிய கறவை மாட்டோட முதல் வயித்துல மட்டும் 100 லிட்டருக்கு மேல கொள்ளும், எந்நேரமும் ஊறிக்கிட்டே இருக்கும். பொடி உள்ள போன நிமிஷமே சேறு. அதோட உருளைப்புழு தோல், பூச்சித் தோல் மாதிரி மெழுகை நம்பி இருக்கிறது இல்ல. காலம் பூரா திரவத்துல வாழற ஜீவனைக் காய வச்சுக் கொல்ல முடியுமா? 2011ல கனடாவுல முட்டைக் கோழிங்களுக்குக் குடுத்துப் பார்த்ததுல ஒரு ரகக் கோழியில மட்டும் புழு குறைஞ்சது, அதையும் சொல்லிடணும். ஆனா மாடு கோழி இல்ல. மாடு, ஆட்டுல செஞ்ச சோதனைகள்ல பெரும்பாலும் வித்தியாசம் ஒண்ணும் தெரியல. அமெரிக்கச் சட்டப்படியும் தீவனம் கட்டி தட்டாம இருக்கத்தான் இதைச் சேர்க்கலாம், அதுவும் மொத்தத் தீவனத்துல 2 சதவீதம் வரைக்கும். புழு மருந்துன்னு அனுமதி கிடையாது.

அப்புறம் ஏன் இத்தனை பேர் "எனக்கு வேலை செய்யுது"ன்னு சொல்றாங்க? பொய் சொல்லல. ரெண்டு மூணு வருஷம் மேய்ஞ்ச மாட்டுக்குப் பெரும்பாலும் தானாவே எதிர்ப்புச் சக்தி வந்துடும். பொடி போட்டாலும் முட்டை கம்மி, போடாட்டாலும் கம்மி. நல்ல பேரை மட்டும் பொடி வாங்கிட்டுப் போயிடுது.

அப்படி நம்பின ஒரு பெரியவர் பண்ணைக்குப் போன கோடையில போயிருந்தேன். பல வருஷமாப் பொடி போடுறாராம். "என் மாட்டுச் சாணியில நீ ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டே"ன்னு சிரிச்சார். கறவை மாட்டுச் சாணியை உப்புக் கரைசல்ல கலக்கி, கட்டம் போட்ட கண்ணாடியில விட்டுப் பார்த்தா அவர் சொன்னது சரிதான். ஒண்ணு ரெண்டு முட்டை, பலதுல காலி. அப்புறம் அந்த வருஷத்துக் கன்னுங்களோடதை எடுத்தேன். கட்டம் கட்டமா முட்டை. அதுல மூணு கன்னுக்குத் தாடைக்குக் கீழ நீர் கோத்திருந்தது, கண்ணைத் திறந்து பார்த்தா உள்ள வெளுத்திருந்தது. கழியுது, மயிர் சிலிர்த்து நிக்குது. அவர் அதைப் பால் மறந்த வாட்டம்னு நினைச்சிட்டிருந்தார். கன்னுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் வரலை. பெரிய மாட்டைப் பார்த்து வந்த நம்பிக்கைக்குக் கன்னு பலியாகுது.

"மருந்து குடுத்தா இயற்கைச் சான்றிதழ் போயிடுமே"ங்கிறதுதான் அவரோட பயம். பால் விலையே அந்தச் சான்றிதழ்லதான் இருக்கு, அவர் பயமும் நியாயம்தான். ஆனா இங்கத்த சட்டம் அப்படி இல்ல. தடுப்பா வாடிக்கையாக் குடுக்கத்தான் கூடாது. மத்த வழி பலிக்காம அவசரம்னு வந்தா கறவை இனத்துக்கு ஃபென்பென்டசோல் குடுக்கலாம். 2018ல வந்த திருத்தத்துல பாலை ஒதுக்கி வைக்க வேண்டிய காலத்தை 90 நாள்லேர்ந்து 2 நாளாக் குறைச்சாங்க. அதைவிட முக்கியம், சான்றிதழைக் காப்பாத்தறதுக்காக நோய் வந்த மாட்டுக்கு வைத்தியம் பண்ணாம விடக்கூடாதுன்னு அதே சட்டத்துலயே எழுதியிருக்கு. என் பேராசிரியர் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில குடுத்ததும், பெரியவர் ரெண்டு தடவை படிச்சார். அன்னைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார். மூணு கன்னுல ரெண்டு தேறிச்சு. ஒண்ணு தேறலை.

மிச்சம் திடமா இருந்த கன்னுங்களை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, காதுல வேற வேற கலர் வில்லை மாட்டினோம். ஒரு கூட்டத்துக்குப் பொடி, இன்னொண்ணுக்கு இல்ல, புல்லும் தண்ணியும் ஒண்ணுதான். பொடி போடாத மாடு பக்கத்துல நின்னாத்தானே பொடியோட யோக்கியதை தெரியும்? எது எந்தக் கூட்டத்துச் சாணின்னு எனக்குச் சொல்லாமத்தான் எண்ண வச்சாங்க. ஆறு வாரம் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்தா ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி. ஒரு பண்ணை, கொஞ்சம் கன்னு, இதை வச்சு உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா அவருக்கு அது போதுமா இருந்தது.

நிஜமா உதவுறது மேய்ச்சல்ல செய்யற மாத்தம்தான். புழுக் குஞ்சு பெரும்பாலும் புல்லோட கீழ் 3, 4 அங்குலத்துலதான் இருக்கும், அதனால ஒட்ட மேய விடக்கூடாது. புது நிலத்துல முதல்ல கன்னு மேயணும், பெரிய மாடு பின்னாடி போகணும். அவர் ரெண்டு வருஷமா இதைத் தலைகீழாச் செஞ்சிட்டிருந்தார். அப்பப்ப சாணியை எண்ணிப் பார்த்து, தேவைப்படற கன்னுக்கு மட்டும் மருந்து குடுத்தா, மருந்துக்குப் பழகின புழுவும் சீக்கிரம் பெருகாது.

பொடியே வேணாம்னு நான் சொல்லல. காய்ஞ்ச கொட்டில்ல, மாட்டு முதுகுல, தானியத்துல தாராளமாப் போடுங்க. உணவுத் தரம்னு போட்டிருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. நீச்சல் குளத்து வடிகட்டிக்கு விக்கிறது சூளையில வறுத்தது, அதுல படிகச் சிலிக்கா அதிகம், நுரையீரலுக்கு ஆகாது. எந்தத் தரமா இருந்தாலும் மூக்கை மூடிக்கிட்டுத் தூவுங்க.

பெரியவர் கடைசியா, "அப்போ இது ஈக்கு மட்டும்"னு சொல்லி மூட்டையைத் தீவன அறையிலேர்ந்து கொட்டிலுக்குத் தூக்கிட்டுப் போனார். அடுத்த மாசம் மறுபடி எண்ணப் போறேன், இந்தத் தடவை கன்னுக் கொட்டில்லேர்ந்து ஆரம்பிக்கணும்.